ஒரு பெயரின் பொருளையும் பிறப்பையும் தேடிக் காணும் முறை: ‘வள்ளி’யை முன்வைத்து

தமிழில் வழங்கும் பெயர்கள் பல முதலில் வெறும் சொற்களாக இருந்தவை. முல்லை, கதிர், அல்லி, பாரி, வள்ளி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இப்பெயர்களுக்குப் பொருள் கேட்டால், பெயர்ப் பட்டியல்கள் ஒரே சொல்லில் ஒரு விடையைத் தந்து முடித்துவிடுகின்றன. அந்த விடைக்குச் சான்று எது, எந்தக் காலத்தில் அப்பொருள் வழங்கியது என்பவற்றுக்கு அங்கே இடமே இருப்பதில்லை. தன் பெயரைப் பற்றிக் கேட்கும் குழந்தைக்கு அத்தகைய விடையைக் கொடுப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. சற்றுப் பொறுமை இருந்தால், மொழியியல் படிக்காத ஒருவரும் ஒரு பெயரைப் பற்றிச் சான்றோடு ஒரு பக்கம் எழுதிவிட முடியும். அதற்கான வழியை ‘வள்ளி’ என்ற ஒரே பெயரைக் கொண்டு இங்கே காட்டுகிறேன்.

தொடங்கும்போதே கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சொல்லின் பொருள் என்ன என்பது ஒன்று. அச்சொல் எங்கிருந்து வந்தது என்பது மற்றொன்று. அது மனிதர்க்குப் பெயரானது எப்படி என்பது மூன்றாவது. உங்கள் வீட்டில் இந்த ஒருவருக்கு அப்பெயரை ஏன் வைத்தார்கள் என்பது முற்றிலும் வேறான நான்காவது கேள்வி. அதற்கு விடை எந்த நூலிலும் இராது, வீட்டுப் பெரியவர்களிடமே இருக்கும். நேர்ந்துகொண்டு வைத்ததா, கொள்ளுப்பாட்டியின் பெயரா, தெய்வானை என்ற அக்காளுக்குத் தங்கையாகப் பிறந்ததாலா என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். மற்ற மூன்றையும் பிறகு தேடிக்கொள்ளலாம்.

எழுத்தைச் சரிபார்ப்பதே முதல் வேலை. ஆங்கில எழுத்தில் எழுதிய பெயரைக் கொண்டு தேடத் தொடங்கினால் தொடக்கத்திலேயே வழி தவறிவிடும், ஏனெனில் அங்கே லகரமும் ளகரமும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. வள்ளி வேறு, வல்லி வேறு. அமுதவல்லி, மரகதவல்லி, கோமளவல்லி என்று கோயில்களில் அம்மனுக்கு வழங்கும் பெயர்களில் உள்ள வல்லி, கொடியைக் குறிக்கும் வடசொல். இரண்டுக்கும் பொருள் ஒன்றாகவே இருப்பதால் குழப்பம் எளிதில் நேர்கிறது; ஆயினும் வரலாறு இரண்டுக்கும் ஒன்றன்று. எனவே பள்ளிச் சான்றிதழில் உள்ள ஆங்கில வடிவத்தை ஒதுக்கிவிட்டு, வீட்டில் அழைக்கும் ஒலியையும், பழைய பத்திரம், ஓலை, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றில் தமிழில் எழுதியிருக்கும் வடிவத்தையும் பாருங்கள்.

அடுத்து, அந்தச் சொல் இன்றும் பேச்சில் பொதுச்சொல்லாக உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அகராதிக்குப் போகும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. வள்ளியைப் பொறுத்தவரை விடை காய்கறிக் கடையிலேயே கிடைத்துவிடும்: சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு. ஆனால் இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. இவ்விரண்டு கிழங்குகளும் தென்னமெரிக்காவையும் நடு அமெரிக்காவையும் சார்ந்தவை. போர்ச்சுகீசியர் கடல்வழி கண்டு இங்கு வந்த பிறகே இந்நாட்டு மண்ணில் ஊன்றியவை. மரவள்ளி திருவிதாங்கூரில் பெருகியதற்கு 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னரின் முயற்சி ஒரு காரணம். ஆகவே சங்கப் பாடலில் வள்ளிக்கிழங்கு என்று வருமானால், அது நாம் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளியாக இருக்க வழியே இல்லை.

அப்படியானால் பழைய வள்ளி எது? பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடல் (109) இதற்கு வழிகாட்டுகிறது. உழவர் உழாமலே அம்மலையில் விளைவன நான்கு என்று அவர் எண்ணிச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மூன்றாவதை அவர் சொல்லும் அடி, ‘கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே’ என்பது. கொழுத்த கொடி, உழாத மலைச்சரிவு, மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கும் கிழங்கு என்று மூன்று அடையாளங்களை அந்த ஓரடி தருகிறது. மூன்றும் பொருந்துவது மலைக்காடுகளில் தானாகப் படரும் காட்டுக் கிழங்கு வகைகளுக்கே. அவற்றின் தண்டு பற்றுக்கோட்டைச் சுற்றிச் சுற்றி ஏறும். கிழங்கு நேராக ஆழத்திற்கு இறங்கும். அதை எடுக்க ஒரு பள்ளமே தோண்ட வேண்டியிருக்கும். இந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

வட்டார வழக்கையும் இந்த இடத்திலேயே கேட்டுவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் சர்க்கரைவள்ளியை வற்றாளை என்பார்கள். இராசவள்ளி என்று அவர்கள் சொல்வது, ஊதா நிறச் சதையுடைய, கொடியாகச் சுற்றி ஏறும் மற்றொரு கிழங்கு. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பார்கள். அது கபிலர் சுட்டும் காட்டுக் கிழங்கின் இனத்தையே சேர்ந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் புதிதாக வந்த கிழங்குகளின் மேல் ஏறிக்கொண்ட பெயர், அங்கே பழைய இனத்தைவிட்டு நீங்காமல் இருக்கிறது. ஒரு பெயரின் பழம்பொருளைத் தேடுவோர் தம் ஊர் வழக்கை மட்டும் நம்பாமல் இன்னோர் ஊர்க்காரரிடமும் ஒரு சொல் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இனி அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939 இல் பிற்சேர்க்கையும் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னகராதித் தளத்தில் அதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வள்ளி என்று தேடினால் கொடி, கிழங்குக்கொடி, முருகனின் தேவி, கூத்து என்று பொருள்கள் வரிசையாக வரும். பெரும்பாலோர் முதலில் உள்ள பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவ்வாறு செய்யாதீர்கள். ஒவ்வொரு பொருளின் பின்னும் அடைப்புக்குறிக்குள் ஒரு நூலின் சுருக்கக் குறி இருக்கும். உண்மையில் நமக்கு வேண்டியது அந்தக் குறியே. அது சங்க நூலைச் சுட்டுகிறதா, செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் தொகுப்பாகிய நிகண்டைச் சுட்டுகிறதா, பிற்காலப் புராணத்தைச் சுட்டுகிறதா, அல்லது நூல் எதுவும் இன்றிப் பேச்சு வழக்கு என்று மட்டும் இருக்கிறதா என்று பிரித்து எழுதிக்கொண்டால், பொருள்களின் கால வரிசை ஓரளவு கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். நிகண்டில் மட்டும் காணப்படும் பொருளைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. செய்யுளில் யாரும் ஆண்டதாகத் தெரியாத பொருள்களும் நிகண்டுகளில் இடம்பெறுவது உண்டு.

அகராதி சுட்டும் நூலை எடுத்து அந்த அடியை நேரில் படிப்பது அடுத்த வேலை. தேடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதிகக் காலம் பிடிக்கும் பகுதியும் இதுவே. 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் சங்க நூல்களின் மூலம் தட்டச்சாகவே கிடைக்கிறது. சொல்லை இட்டுத் தேடலாம். தேடும்போது சந்தியையும் வேற்றுமை உருபையும் மறந்துவிடக் கூடாது. வள்ளிக், வள்ளியொடு, வள்ளியின் என்று பல உருவங்களில் சொல் நிற்கும். அதே தேடலில் பொருந்தாத சொற்களும் வந்து விழும். புறநானூற்றின் 47 ஆம் பாடல் ‘வள்ளியோர்ப் படர்ந்து’ என்று தொடங்குகிறது. அங்கே வரும் வள்ளியோர், பாணரும் புலவரும் நாடிச் செல்லும் கொடையாளர். வள்ளல் என்பதோடு சேர்ந்த சொல். கொடிக்கும் கிழங்குக்கும் அதற்கும் தொடர்பு காட்டச் சான்றில்லை. வள்ளி என்றால் ‘கொடைக் குணம் உடையவள்’ என்று சில பட்டியல்களில் எழுதுவதற்கு இந்த ஒலி ஒற்றுமை காரணமாக இருக்கலாம். எழுத்து ஒத்திருப்பதால் மட்டும் ஒரு பொருளை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடக் கூடாது. பாடல் யாரைப் பற்றி, எந்த இடத்தில் அச்சொல்லை ஆள்கிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

வள்ளி என்ற சொல் ஒரு பெண்ணைச் சுட்டும் பழைய இடம் நற்றிணை 82 ஆம் பாடல். அம்மூவனார் பாடியது. தலைவன் தன் தலைவியை ‘நன்னடைக் கொடிச்சி’ என்று விளித்து, ‘முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல’ அவள் உருவம் கண்ணைப் பறிப்பதாகச் சொல்கிறான். கதையை விளக்காமல் ஓர் உவமையாக மட்டும் புலவர் அதைச் சொல்லிச் செல்கிறார். கேட்பவர்க்கு முருகனும் வள்ளியும் முன்பே தெரிந்தவர்கள் என்று கொண்டால்தான் அந்த உவமை நிற்கும். ஆகவே அப்பாடலின் காலத்திற்கு முன்னரே இப்பெயர் குறிஞ்சி நிலத்தில் ஊறியிருக்க வேண்டும் என்று துணிந்து எழுதலாம். அதே பாடலில் உள்ள கொடிச்சி என்ற விளியைக் கொடி என்பதோடு இணைத்துப் பார்க்க ஆசை எழும். அது குறிஞ்சி நிலப் பெண்ணைக் குறிக்கும் சொல் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

திருமுருகாற்றுப்படை இன்னும் ஒரு படி தெளிவாகப் பேசுகிறது. முருகனின் ஆறு முகங்களின் செயல்களைச் சொல்லி வரும் நக்கீரர், ஒரு முகம் ‘குறவர் மடமகள், கொடிபோல் நுசுப்பின் மடவரல் வள்ளியொடு நகையமர்ந்தன்றே’ என்கிறார். நுசுப்பு என்பது இடை. கொடி போன்ற இடை என்பது பெண்டிரைப் பாடும்போது புலவர் வழக்கமாகச் சொல்வதுதான் என்றாலும், வள்ளி என்ற பெயருக்கு முந்தைய அடியிலேயே அந்த உவமை வந்து நிற்பதை நான் தற்செயலாக எண்ணவில்லை. பெயருக்குக் கொடி என்னும் பொருள் புலவரின் மனத்தில் இருந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம். பரிபாடலின் 9 ஆம் பாடலோ வள்ளியையும் தேவசேனையையும் எதிரெதிரே நிறுத்தி, களவின், அதாவது மணத்துக்கு முந்திய மறைவான காதலின், சிறப்பைப் பேசுகிறது.

தொல்காப்பியத்தில் இச்சொல் இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டும் புறத்திணையியலில். ஓரிடத்தில் ‘வாடா வள்ளி’ என்ற தொடர் உள்ளது. உரையாசிரியர்கள் அதை வள்ளிக்கூத்து என்று விளக்குகிறார்கள். வள்ளி என்றதும் கேட்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது வாடும் கொடி என்பதாலேயே, இது அந்தக் கொடியன்று என்று காட்ட ‘வாடா’ என்ற அடை வேண்டியிருந்தது. கூத்தின் பெயர் கொடியின் பெயருக்குப் பிற்பட்டது என்று காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மற்றோரிடம் ‘கொடிநிலை கந்தழி வள்ளி’ என்பது. அங்கே வள்ளி என்பதற்கு நச்சினார்க்கினியர் திங்கள் என்று உரை எழுதினார். வேறு வகையாகக் கொள்வோரும் உண்டு. இப்படி அறிஞரிடையே முடிவு காணாத பொருளைப் பெயரின் பொருளாக எடுத்துக்கொண்டு ‘வள்ளி என்றால் நிலா’ என்று எழுதிவிடலாகாது. அது ஓர் உரையாசிரியர் ஒரு நூற்பாவுக்குக் கொண்ட பொருள் என்று பெயரிட்டு எழுதினால் குற்றமில்லை.

பிறப்பைத் தேட, தமிழை விட்டு ஓரடி வெளியே வந்து பக்கத்து மொழிகளைக் கேட்க வேண்டும். பரோ, எமனோ இருவரும் தொகுத்து 1961 இலும், திருத்திய பதிப்பாக 1984 இலும் வெளிவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இதற்குத் துணை. மலையாளத்தில் கொடிக்கு இன்றும் வள்ளி என்றே பெயர். அங்கே குழந்தைகள் எழுத்துப் படிக்கும்போது, மேலே சுழித்து எழுதும் இகரக் குறியையும் வள்ளி என்று சொல்லியே கற்கிறார்கள். கன்னடத்தில் கொடி ‘பள்ளி’. முதல் எழுத்தை ‘அன்பு’ என்பதில் வரும் பகரம்போல் மெலிதாக ஒலிக்க வேண்டும். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் இவ்வாறு பகரமாவது ஒரு பொதுவான ஒலிமாற்றம்: வேர் அங்கே பேரு, விரல் பெரளு, வில் பில்லு. வள்ளியும் இந்த ஒழுங்கிற்கு உட்பட்டிருப்பதால், அது அம்மொழியில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் என்பது தெளிவாகிறது.

வடமொழி வல்லி என்பதோடு இதற்குள்ள உறவு என்ன என்ற கேள்விக்கு, ஒலியை வைத்து நான் கொண்டுள்ள கருத்தைச் சொல்கிறேன். வடமொழியிலிருந்து வல்லியைத் தமிழ் பெற்றபோது லகரம் லகரமாகவே நின்றது. அமுதவல்லி முதலிய பெயர்கள் சாட்சி. லகரத்தை ளகரமாக்க வேண்டிய தேவை தமிழுக்கு இல்லை. ளகரம் வழக்கில் இல்லாத மொழி ளகரச் சொல் ஒன்றைப் பெற்றால், அதை லகரமாக்கிக்கொள்வது இயல்பு. ஆகவே வள்ளி வல்லியிலிருந்து வந்தது என்பதைவிட, தென்மொழிச் சொல் வடக்கே சென்றது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இத்தகைய கருத்தை எழுதும்போது ‘கருதலாம்’ என்ற அளவில் எழுத வேண்டும். ‘வளை’ என்ற வினையோடு வள்ளியை இணைத்து, வளைந்து ஏறுவதால் வள்ளி என்று வேர் காண்பதும் அப்படித்தான். பொருள் பொருந்துகிறது, வள்ளை என்ற நீர்க்கொடியின் பெயரும் பக்கத்தில் நிற்கிறது, ஆயினும் அது ஊகமே.

சொல்லின் பிறப்பையும் பெயருக்குக் கதை சொல்லும் காரணத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம், மான் ஈன்ற பெண்குழந்தை வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்ததாகவும், அதை எடுத்து வளர்த்த நம்பிராசன் அதனாலேயே வள்ளி என்று பெயரிட்டதாகவும் சொல்கிறது. நற்றிணையில் பெயர் மட்டுமே இருக்கிறது. காரணத்தை நமக்குச் சொல்வது புராணம். அதற்காக இக்கதையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. முன்னர் சொன்ன பள்ளத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். மேலாகவே வளரும் சர்க்கரைவள்ளியை எடுக்கக் குழந்தை கிடக்கும் அளவுக்குக் குழி வேண்டாம்; ஆழத்திற்கு இறங்கும் மலைக்கிழங்கை எடுத்தால்தான் அத்தகைய குழி மிஞ்சும். பழைய கிழங்கு எது என்பதை இந்தக் கதை தன்னுள் பத்திரமாக வைத்திருக்கிறது. இலங்கையின் கதிர்காமத்திலோ வள்ளியை வேடர் குலப் பெண்ணாகவே கொண்டாடுகிறார்கள். ஆடி மாதத் திருவிழாவில் முருகனின் ஊர்வலம் இரவுதோறும் வள்ளியம்மன் கோயிலுக்குச் சென்று திரும்புகிறது.

பெயரின் கிளைகளைச் சேர்ப்பது எளிய வேலை: வள்ளியம்மை, வள்ளியம்மாள், வள்ளிநாயகி, வள்ளிக்கண்ணு, வள்ளிமயில். ஆண்பாற் பெயர்களில் மட்டும் கவனம் தேவை. வள்ளியப்பன், வள்ளிநாயகம், வள்ளிமணாளன் ஆகியவை வள்ளியின் தலைவனான முருகனைச் சுட்டுவன. அவற்றுக்குக் கொடி என்று பொருள் எழுதினால் தவறாகிவிடும். அப்பெயரால் புகழ் பெற்றவர்களையும் குறித்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, விடுதலையான சில நாள்களில் 1914 பிப்ரவரியில் பதினாறே வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை அறிந்து, அதற்காகவே பிள்ளைக்கு அப்பெயரை வைத்த வீடுகள் இருக்கலாம். அங்கே பெயரின் காரணம் கொடியுமன்று, குறமகளுமன்று. அந்தப் பெண்ணின் துணிவு. வள்ளிமலை, வள்ளியூர் போன்ற ஊர்ப்பெயர்களைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயருக்குக் கல்வெட்டைப் பார்க்காமல் எதுவும் எழுதக் கூடாது.

திரட்டியதை எழுதும்போது உறுதியானதை முதலிலும் ஊகத்தைக் கடைசியிலும் வையுங்கள். வள்ளிக்கு நான் எழுதுவது இவ்வாறு அமையும்: ‘வள்ளி: கொடி, மலையில் விளையும் கிழங்குக்கொடி (புறநானூறு 109). முருகன் விரும்பிய குறமகளின் பெயர் (நற்றிணை 82, திருமுருகாற்றுப்படை). அவள் பெயரோடு அமைந்த கூத்து (தொல்காப்பியம், புறத்திணையியல்). மலையாளத்தில் வள்ளி, கன்னடத்தில் பள்ளி. வடமொழி வல்லியோடு தொடர்புடையது. தென்மொழிச் சொல்லாகக் கருதலாம். வளை என்பதோடு இணைப்பது ஊகம்.’ இதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, பெரியவர்களிடம் கேட்ட வீட்டுக் காரணத்தை, சொன்னவரின் பெயரோடும் கேட்ட நாளோடும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.